ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று, வேலை பாக்கி, அம்மா ஒதுங்கி நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஒத்தக்கடைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யோசனை சொல்லுங்கள்.

மதுரை ஒத்தக்கடை பக்கம், மாடியில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரிகிற இடத்தில், அப்பா 2009-ல் வாங்கிப் போட்ட மூன்று சென்ட் மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அப்பா போன வருடம் ஆடியில் தவறிவிட்டார். அப்போது லிண்டல் மட்டம் வரைதான் சுவர் எழும்பியிருந்தது. இந்த ஆடியில் தலைத்திதி முடிந்தது, அதனால் ஆவணியிலேயே பால் காய்ச்சிவிடலாம் என்று பெரியப்பா நாள் பார்த்துவிட்டு வந்துவிட்டார். புரட்டாசியில் செய்ய மாட்டார்கள். ஐப்பசிக்குத் தள்ளினால் மழை, எங்கள் தெரு இன்னும் மண் தெருதான், ஒரு மழைக்கே சேறாகி வண்டி உள்ளே வராது. தங்கைக்கும் சிங்கப்பூரிலிருந்து ஆவணியில்தான் லீவு. ஆக மாதத்தை மாற்ற வழியில்லை.

குறித்திருப்பது வியாழக்கிழமை, காலை 4.30-லிருந்து 6-க்குள். வியாழன் 6 மணிக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும் என்பதால் அதற்கு முன்னாலேயே உள்ளே போய்ப் பால் பொங்கிவிட வேண்டும் என்கிறார் ஐயர். உசிலம்பட்டி பக்கத்திலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் அந்த நேரத்துக்கு எப்படி வருவார்கள்? முந்தின நாளே வந்தால் எங்கே படுக்க வைப்பது? வேலை நாள் வேறு. அதனால் வியாழன் காலை நெருங்கிய சொந்தம் முப்பது பேரோடு பூஜையை முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேருக்கு விருந்து வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இப்படிப் பிரித்துச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இரண்டாவது, வீட்டு வேலை. படிக்கட்டுக் கைப்பிடி, இரண்டு அறைக்குக் கதவு, வெளிப்பக்கப் பெயின்ட், ஒரு கழிவறை, இத்தனையும் பாக்கி. வங்கிக் கடனில் கடைசித் தவணை வேலை முடிந்ததைப் பார்த்த பிறகுதான் கிடைக்கும், கையில் இருப்பதை வைத்து வேலையை முடிப்பதா விருந்து வைப்பதா என்று தினமும் ராத்திரி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். விழாவுக்கு முன்னால் எதைக் கட்டாயம் முடிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

மூன்றாவதுதான் எனக்குப் பெரிசு. பால் காய்ச்ச வேண்டியது அம்மா என்று நான் நினைக்கிறேன். அம்மா மாட்டேன் என்கிறார்கள். 'மருமகள் நிறைகுடம் எடுத்து வரட்டும், அவளே அடுப்பு மூட்டட்டும், நான் பின்னாடி நிற்கிறேன்' என்கிறார்கள். அப்பா போனதால் மங்கள காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாதாம். இந்த வீட்டுக்குத் தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது அம்மா, மூன்று வாரம் காலையும் மாலையும் பஸ் பிடித்து வந்து சுவருக்குத் தண்ணீர் விட்டது அம்மா. மனைவியும் என் பக்கம்தான், 'அத்தைதான் அடுப்பு பற்ற வைக்கணும்' என்று அவளே சொல்கிறாள். ஆனால் பெரியப்பா வீட்டிலும் இன்னும் சிலரும் அன்றைக்கு ஏதாவது சொல்லி அம்மா மனம் நொந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை எப்படிக் கையாள்வது?


பந்திக்காரர் மகன்

வாழ்த்துகள் தம்பி. நான் அப்பாவோடு இருபது வருஷம் கல்யாணச் சமையலுக்குப் போனவன், அதனால் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிரித்துச் செய்யலாம், தப்பே இல்லை. ஆனால் இரண்டு நாளும் சமையல்காரர், பாத்திரம், பந்தல், பரிமாற ஆள் என்று இரண்டு செலவு ஆகிவிடக் கூடாது. வியாழக்கிழமை முப்பது பேருக்கு வெளியிலிருந்து டிபன் வரவழைத்துவிடுங்கள். பால் மட்டும் உங்கள் வீட்டு அடுப்பில் காயட்டும். சர்க்கரைப் பொங்கல் ஒரு சின்ன வெண்கலப் பானையில் அதே அடுப்பில் வைத்துவிட்டால் போதும், வந்தவர்களுக்கு அதுதான் பிரசாதம். இட்லி, வடை, சட்னி எல்லாம் ஆறு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் என்று சொல்கிறீர்கள். மதியச் சாப்பாடா காலை டிபனா என்று முதலில் முடிவு செய்யுங்கள், செலவு அங்கேதான் பாதிக்குப் பாதி மாறும். மதியம் இலைச் சாப்பாடு என்றால் தலைக்கு 100 கிராம் அரிசி கணக்கில் 20 கிலோ அரிசி, அதற்கு மேல் 2 கிலோ கையிருப்பு. கூட்டு, பொரியல், அவியல், அப்பளம், பாயசம், சாம்பார், ரசம், மோர் என்று போனால் பரிமாறவே எட்டுப் பேர் வேண்டும். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை டிபன் என்று வைத்தால் நாலைந்து பேர் போதும், இட்லி, வெண்பொங்கல், மெதுவடை, கேசரி, சாம்பார், இரண்டு சட்னி, காபி, முடிந்தது. பூரி வேண்டாம், சூடாகப் போட்டுக்கொடுக்க ஒரு ஆள் தனியாக அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கும். தோசையும் வேண்டாம், வரிசை நின்றுவிடும்.

காபிக்கு ஒரு லிட்டர் பால் எட்டு டம்ளர் என்று வையுங்கள். இருநூறு பேரில் எல்லோரும் குடிக்க மாட்டார்கள், ஆனால் சிலர் இரண்டு குடிப்பார்கள், அதனால் 25 லிட்டர் சொல்லிவிடுங்கள். மிச்சம் வந்தால் உறை ஊற்றிவிடலாம். தண்ணீர் 20 லிட்டர் கேன் பதினைந்து. இலை இருநூறு பேருக்கு இருநூற்று முப்பதாவது இருக்க வேண்டும், கிழிந்தது கோணலானது எப்படியும் வரும். முகூர்த்த நாளில் இலைக்கும் பூவுக்கும் விலை ஏறும், மல்லிகைப்பூ முந்தின நாள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விற்ற விலைக்கு மறுநாள் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம் மூன்று விஷயம் எல்லோரும் மறப்பார்கள். ஒன்று, சமையலுக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான், அதைச் சமையல்காரர் கொண்டுவருகிறாரா நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டுமா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும்? புதுத் தெருவில் சாக்கடை இருக்காது, பக்கத்து மனைக்காரர் இடத்தில் ஓடினால் குடிபோகிற அன்றே மனஸ்தாபம். ஒரு குழி வெட்டி வையுங்கள். மூன்று, பந்தல். மதுரையில் ஆவணி மாதம் சாயங்கால மழை திடீரென்று அடிக்கும், சனிக்கிழமை சாயங்காலமே சமையல் சாமான் வந்து இறங்கிவிடும், துணிப் பந்தலை நம்பாமல் சமையல் பகுதிக்காவது தகரம் போடச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப், மேஜைக்கு விரிக்கிற பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கிறது, கழுவ ஒரு ஆள் கூடுதலாகப் போட்டால் சரி.

அம்மா விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.


நெல்லைச்சீமை

நான் இரண்டு வருடம் முன்னால் பாளையங்கோட்டையில் கட்டி முடித்தேன். நானும் கதவு இல்லாத வீட்டில்தான் பால் காய்ச்சினேன், அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு அனுபவத்திலிருந்து சொல்ல முடியும்.

வெளிப் பெயின்டை விடுங்கள், அறைக் கதவை விடுங்கள், ஒரு திரை தொங்கவிட்டால் போதும், யாரும் அதைப் பார்க்க வரவில்லை. ஆனால் இந்த நான்கை முடிக்காமல் நாள் நெருங்கவிடாதீர்கள். தலைவாசல் நிலையும் கதவும் முதலாவது. அடுத்து, ஒரு கழிவறையாவது தண்ணீர், விளக்கு, உள்தாழ்ப்பாள் மூன்றோடும் முழுதாக. எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போடாமல் விட்டுவிட்டோம், ஊரிலிருந்து வந்த பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் வாசலில் காவல் நின்றார்கள், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மூன்றாவது படிக்கட்டுக் கைப்பிடி. வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று எல்லாக் குழந்தைகளும் முதலில் ஓடுவது மாடிக்குத்தான். கைப்பிடி போட முடியாவிட்டால் படிக்கட்டு அடியில் குறுக்கே பலகை வைத்து அடைத்து, ஒரு ஆளை அங்கேயே உட்கார வையுங்கள். கடைசியாக, தொட்டி. கீழ்த் தொட்டி, மேல் தொட்டி இரண்டையும் கழுவி ஒரு தடவை நிரப்பித் திறந்துவிட்டு மறுபடி நிரப்புங்கள், சிமென்ட் வாடை போகும்.

தரையைப் பற்றி ஐயர் சொல்ல மாட்டார், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், வாஸ்து சாந்தி என்று மூன்று மணி நேரம் நெருப்பு எரியும். டைல்ஸ் மேல் நேரடியாகக் குண்டம் வைத்தால் சூட்டில் வெடிக்கும். நாலு அங்குலத்துக்கு ஆற்று மணலோ எம்-சாண்டோ பரப்பி, அதன்மேல் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, அதற்கு மேல் குண்டம் வையுங்கள். மேலே ஜிப்சம் கூரை போட்டிருந்தால் அந்த அறையில் ஹோமமே வேண்டாம், கரி பிடித்துவிடும். வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்குவது, குங்குமம் தடவிப் பூசணிக்காய் உடைப்பது எல்லாம் படிக்கு வெளியே சிமென்ட் தரையில் இருக்கட்டும். மார்பிள் போட்டிருந்தால் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மங்கிப்போகும், துடைத்தாலும் கழுவினாலும் போகாது.

பசுவும் கன்றும் உள்ளே வருகிறது என்றால் வழுவழுப்பான டைல்ஸில் குளம்பு வழுக்கும். வாசலிலிருந்து கூடம் வரை கோணிச் சாக்கை நனைத்து விரியுங்கள். எங்கள் வீட்டில் பசு நடுக்கூடத்தில் கால் பரப்பிவிட்டது, நல்லவேளை விழவில்லை. கூட்டத்தைப் பார்த்து அது மிரளாமல் இருக்க, பசு வரும்போது மேளத்தையும் போட்டோகிராபரின் விளக்கையும் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் முந்தின ராத்திரி தச்சு கழிப்பு உண்டு. தச்சாசாரி வந்து நடுராத்திரி பூஜை போட்டு, மரத்திலும் மனையிலும் இருக்கிற தோஷத்தைக் கழித்துவிட்டுப் போவார், அதன் பிறகுதான் விடியலில் வீட்டுக்காரர்கள் நுழைவார்கள். உங்கள் பக்கம் இருக்கிறதோ என்னவோ, ஆனால் ஒன்று மட்டும் எந்த ஊரானாலும் செய்யுங்கள். கொத்தனார், சித்தாள், தச்சாசாரி, எலக்ட்ரீசியன், பெயின்டர் எல்லோரையும் நேரில் போய் அழையுங்கள். மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு, சித்தாளுக்குச் சேலை, தாம்பூலத் தட்டில் வைத்து எல்லோர் முன்னாலும் கொடுங்கள். முதல் பந்தியில் உட்கார வையுங்கள். வெயிலில் நின்று கல் சுமந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் நாம் சாப்பிட வேண்டும் என்று என் அப்பா சொன்னார், அதை அப்படியே செய்தோம். பாக்கி வேலைக்கு அவர்கள் திரும்ப வந்து செய்த விதமே வேறாக இருந்தது.


உசிலம்பட்டி மருமகள்

தம்பி, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பிரித்து வைப்பது நகரத்துக் கணக்கு. ஊர்ச் சொந்தத்துக்கு அது வேறு மாதிரி போய்ச் சேரும். 'பால் காய்ச்சும்போது கூப்பிடவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டார்கள்' என்று ஒரு பேச்சு வந்தால் பத்து வருஷம் நிற்கும். எங்கள் பக்கம் மொய் என்பது வெறும் பணம் இல்லை, நோட்டில் பேர் எழுதுகிற உறவு. உங்கள் அப்பா எத்தனை வீட்டுக் காதுகுத்து, கல்யாணம், வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதியிருப்பார். அதையெல்லாம் திருப்பிச் செய்ய வேண்டும் என்று காத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். அப்பாவின் மொய் நோட்டை எடுத்து ஒரு தடவை புரட்டுங்கள், யாரைக் கட்டாயம் அழைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

வியாழன், ஞாயிறு என்று பிரிப்பதானால் அழைப்பிலேயே இரண்டையும் போட்டுவிடுங்கள். 'வியாழன் அதிகாலை பால் காய்ச்சுதல், ஞாயிறு காலை விருந்து' என்று இரண்டு வரி. வர முடிந்தவர் விடியலுக்கும் வரட்டும், யாரையும் விட்டதாக ஆகாது. வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பி நிறுத்தாதீர்கள். பங்காளிகள், தாய்மாமன், அத்தைமார், உங்கள் மாமனார் வீடு, இந்த வீடுகளுக்கு வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைத்தே ஆக வேண்டும். மனைவி வீட்டுச் சீர், தாய்மாமன் சீர் எந்த நாள் வரும் என்றும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், சீர்த்தட்டு வருகிற நேரத்தில் வாங்க ஆள் இல்லாமல் எல்லோரும் பந்தியில் இருந்தால் நன்றாக இருக்காது.

மொய் எழுத நம்பிக்கையான, கையெழுத்து நன்றாக உள்ள ஒருவரை உட்கார வையுங்கள். ஊர்ப் பெயர், அப்பா பெயர் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் எழுதினால் அடுத்த வருஷம் யார் என்றே தெரியாது. நீங்களும் மனைவியும் அந்த மேஜைப் பக்கமே போகாதீர்கள், வந்தவர்களை வாங்க என்று கேட்கவே உங்களுக்கு நேரம் போதாது.

இன்னொன்று. பால் காய்ச்சின அன்று ராத்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். நீங்கள் யாராவது அங்கேயே பாய் விரித்துப் படுங்கள், விளக்கு எரியட்டும். வியாழன் ராத்திரி தங்கி, வெள்ளி காலை அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டால் ஞாயிறு வரை அது உங்கள் வீடாகவே இருக்கும், விருந்துக்கு மட்டும் திறந்த மண்டபம் மாதிரி இருக்காது.


ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி, உன் மூன்றாவது கேள்வியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒருமையில் எழுதுகிறேன், என் மகன் வயதுதான் இருக்கும் உனக்கு.

என் வீட்டுக்காரர் இறந்து நாலாவது வருடம் என் மகன் வீடு கட்டினான். பால் காய்ச்சுகிற நேரத்தில் நான் பின்பக்கம் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். முப்பது வருஷம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், என்னையே ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒதுக்கிக்கொண்டேன். உள்ளே குலவை கேட்டது, பால் பொங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. பேத்தி ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, 'ஆச்சி எங்கே?' என்றாள். மகன் அப்போதுதான் கவனித்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. எனக்கும் அது ஆறவில்லை. ஆகவே உன் அம்மா 'மாட்டேன்' என்று சொல்வதை அவள் விருப்பம் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதே. யாராவது ஏதாவது சொல்லி, பிள்ளையின் நல்ல நாள் கெட்டுவிடக் கூடாதே என்கிற பயத்தில்தான் அவள் அப்படிச் சொல்கிறாள்.

ஆனால் அன்றைக்குப் போய்க் கூட்டத்தில் வைத்து 'அம்மா வாங்க, நீங்கதான் பற்ற வைக்கணும்' என்று கையைப் பிடித்து இழுக்காதே. அவள் கூசிப்போவாள், நாலு பேர் வாயைத் திறப்பார்கள். முன்னாலேயே செய்ய வேண்டியது சில உண்டு.

உன் அப்பாவின் அக்கா தங்கை யாராவது இருக்கிறார்களா? அத்தையிடம் முதலில் போ. பெரியப்பாவிடம் அப்புறம் போகலாம். பிறந்த வீட்டு விசேஷத்தில் அத்தை சொல்லுக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அவரிடம் வாதம் செய்யாதே, தண்ணீர் விட்ட கதையைச் சொல்லு, தளத்தில் பாத்தி கட்டின கதையைச் சொல்லு. அப்பா இருந்திருந்தால் யாரை முன்னால் நிறுத்தியிருப்பார் என்று கேள்.

இரண்டாவது, ஐயரிடம் தனியாகப் பேசு. சாஸ்திரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதே, 'அம்மாதான் அடுப்பு மூட்டப் போகிறார்கள், அந்த நேரத்தில் நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்' என்று கேட்டுக்கொள். ஐயர் வாயால் அழைப்பு வந்தால் முணுமுணுக்க இடம் இருக்காது. அவர் மறுத்தால் வேறு ஐயரைப் பார்க்க இப்போதே நாள் இருக்கிறது.

மூன்றாவது, அம்மாவுக்கு வேலையை வேலையாகவே கொடு. பால் பாத்திரத்தை அவளையே கடைக்குக் கூட்டிப்போய் வாங்கச் சொல். புது வீட்டுக்கு முதலில் எடுத்துப்போகிற உப்பு, மஞ்சள், அரிசி, துவரம்பருப்பு, சாமி படம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் அவள் கையால் தட்டில் அடுக்கட்டும். உன் மனைவி நிறைகுடம் எடுத்து வரட்டும், கூடவே அம்மா விளக்கோடு வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து வாசல்படி தாண்டினால் யார் முன், யார் பின் என்கிற பேச்சே எழாது. போட்டோகிராபரிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவை, அடுப்படியில் அம்மா முகம் தெரிகிற பக்கம் நிற்க வேண்டும் என்று.


பெரம்பூர் மூன்றாவது மாடி

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம், ஃபாதர் வந்து வீடு மந்திரித்தார், ஜெபம் முடிந்து பால் காய்ச்சினோம், அதுவும் எங்கள் வழக்கத்தில் உண்டு. எங்கள் பாட்டிதான் அடுப்பு மூட்டினார், தாத்தா இறந்து பதினோரு வருடம். வீட்டில் மூத்தவர் என்பதுதான் எங்களுக்குக் கணக்கு.

அபார்ட்மென்டில் செய்ய நினைத்து இந்த இழையைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹோமமோ சாம்பிராணியோ, புகை உணரும் அலாரம் இருந்தால் சங்கத்தில் முன்னாலேயே சொல்லி வையுங்கள். பசுவை லிஃப்டில் ஏற்றப் பார்க்காதீர்கள், கீழே வாசலிலேயே பூஜை செய்துவிட்டு மேலே போகலாம். கேஸ் இணைப்பு மாறி வர நாளாகும், 5 கிலோ சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்தால் பால் காய்ச்ச அது போதும்.


ஒத்தக்கடைக்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. டீச்சர் அம்மா, நீங்கள் எழுதினதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பி அத்தை வீட்டுக்குப் போனோம். சோழவந்தான் வெற்றிலை ஒரு கவுளி, பாக்கு, பழம் வைத்து முதல் அழைப்பு அவருக்குத்தான். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது அம்மா விஷயத்தை எடுத்தேன். அத்தைக்கு எழுபத்தி இரண்டு வயது, ஊர் வழக்கம் எதையும் விட்டுக்கொடுக்காதவர், மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்துப் போனேன். தண்ணீர் விட்ட கதையை முழுசாகக் கேட்டார். கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, 'என் தம்பி மனையில் அவன் பொண்டாட்டி அடுப்பு மூட்டாமல் வேறு எவள் மூட்டுவாள்? நான் புதன் ராத்திரியே வந்துவிடுகிறேன், அவள் கையைப் பிடித்து நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்' என்றார். அதோடு நிற்கவில்லை, என் போனிலேயே பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பெரியப்பா 'சரி அக்கா' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

அம்மா இன்னும் வாய் திறந்து சம்மதம் சொல்லவில்லை. ஆனால் நேற்று என்னோடு கடைக்கு வந்து, நாலு கடை ஏறி இறங்கி, பித்தளையில் ஒன்றரை லிட்டர் பால் சட்டி ஒன்று எடுத்தார்கள். அடியைத் தட்டிப் பார்த்து, 'அப்பாவுக்குக் கனமாக இருந்தால்தான் பிடிக்கும்' என்றார்கள்.

உசிலம்பட்டி அக்கா சொன்னபடி அழைப்பில் இரண்டு நாளையும் போட்டுவிட்டோம். அப்பாவின் மொய் நோட்டைப் பிரித்துப் பார்த்ததில் நான் பெயரே கேட்டிராத பதினேழு வீடு கிடைத்தது, அடுத்த வாரம் அத்தை மகன் பைக்கில் கூட வருகிறான், நேரில் போய் அழைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன்தான், மதியச் சாப்பாடு இல்லை. அதில் மிச்சமாகிற பணம் கைப்பிடிக்கும் கழிவறைக்கும் போகிறது. தாழ்ப்பாள் இன்றைக்கே வாங்கிவிட்டேன். மேஸ்திரிக்கு வேட்டி எடுத்தாயிற்று, இரண்டு சித்தாள் அக்காவுக்கும் சேலை அம்மாவே பார்த்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பந்திக்காரர் அண்ணனுக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி. இப்போது மொத்தம் இருநூற்று நாற்பது பேர் ஆகிவிட்டது. முந்தின நாள் மாவை வெளியே அரைத்துக் கொண்டுவரச் சொன்னால், ராத்திரி முழுக்கப் பந்தலில் வைத்திருந்தால் புளித்துவிடாதா? வீட்டில் ஃபிரிட்ஜ் இன்னும் வரவில்லை.


பந்திக்காரர் மகன்

புளிக்கும் தம்பி, ஆவணிப் புழுக்கத்துக்கு நிச்சயம் புளிக்கும். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அரைத்து எடுக்கச் சொல்லுங்கள், சாயங்காலமே வாங்கி வைக்காதீர்கள். அகலமான பாத்திரம் நாலில் பாதி வரை மட்டும் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, புது வீட்டுத் தரையில் காற்றோட்டமாக வையுங்கள், பந்தலில் வேண்டாம். உப்பைக் காலையில்தான் போட வேண்டும். நாலரைக்கு முதல் ஈடு ஏறிவிட்டால் எட்டு மணிக்கு இருநூற்று நாற்பது பேருக்கும் தயாராக இருக்கும். இலை இன்னும் ஐம்பது சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.